சிலம்பைச் சோதிக்காதது ஊழா? – வாசகர் கேள்வி பதில்

சிலப்பதிகாரத்தின் கருப்பொருள் ஊழ்வினை என்று கட்டுரை எழுதினேன். "கதைச்சுருக்கம் இருக்கிறது, ஆய்வு இல்லை" என்று ஆசிரியர் குறித்துத் தந்தார். எங்கே பிழை?
– உயர்தர மாணவி, மல்லாவி

ஊழ்வினை என்பது தலைப்பு மட்டும்தான். ஊழ்வினையைப் பற்றி நூல் என்ன சொல்கிறது என்பதை வினைச்சொல் வருகிற ஒரு முழு வசனமாக எழுதிப் பாருங்கள். "ஊழ்வினையே கோவலனைக் கொன்றது" என்று எழுதியவுடன், அப்படியானால் பாண்டியன் ஏன் சாகவேண்டும் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் ஆய்வு.

அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும் என்று நூலின் முன்னுரையான பதிகம் மூன்று கருத்துகளைச் சொல்கிறது. அதாவது, ஆட்சியில் தவறியவர்களுக்கு அறமே எமனாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், முன்வினை தேடிவந்து பலனைக் கொடுக்கும். பெரும்பாலானோர் மூன்றையும் மனப்பாடமாக எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்கள். முதலாவது அரசனைக் குற்றம் சொல்ல, மூன்றாவது ஊழைக் காரணம் காட்டி, இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதைக் கவனிப்பதில்லை.

கொலைக்களக் காதையைத் திறவுங்கள். அரசன் தேவியின் ஊடலைத் தீர்க்கப் போகிற அவசரத்தில் இருக்கிறான். சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று கொண்டுவாருங்கள் என்கிறான். 'இருந்தால்' என்ற நிபந்தனை இருக்கிறது. அது யாருடைய சிலம்பு என்று பார்க்கச் சொல்லவில்லை. கோவலனை நேரில் கண்ட காவலர்கூட, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்கிறார்கள். கடைசியில் 'கல்லாக் களிமகன்' (படிக்காத குடிகாரன்) ஒருவன் வாளை வீசுகிறான். பிறகு வழக்குரை காதையில், அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்று தெரியவருகிறது. முன்பே ஒருவர் கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். இவ்வளவையும் ஊழின் தலையில் போடமுடியுமா?

ஆனால் அதே நூலின் 'கட்டுரை காதை' என்ற பகுதியில், மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கோவலனின் முற்பிறப்புக் கதையைச் சொல்கிறது: பரதனாக இருந்தபோது சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தவன் அவன். அரசனின் பிழையே காரணம் என்று நீங்கள் வாதிட்டால், அதற்கு எதிரான சான்று இது. மறைக்காதீர்கள். கதைக்கு ஐந்து வரி போதும். அதன்பின் உங்கள் வசனம், அதற்குத் துணையாக இரண்டு காட்சி, எதிராக ஒரு காட்சி, எதிர்ச்சான்று இருந்தும் உங்கள் வசனம் ஏன் நிற்கிறது என்ற விளக்கம். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் நேரமில்லையென்று விட்டுவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் நாட்டுக்கூத்தான கோவலன் கூத்தில் பார்க்கிற கண்ணகி வேறு, புத்தகத்துக் கண்ணகி வேறு. எது சரி?
– வாசகர், முள்ளியவளை

சரி பிழை பார்க்கத் தேவையில்லை. வேறுபாட்டால் அறம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நம்முடைய நாட்டார் மரபில் அவள் மாங்கனியில் தோன்றியவள், பாண்டியனை அழிக்கவே வந்த தெய்வம். அங்கே தீர்ப்பு முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது. வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் உப்புநீரில் விளக்கெரிவதைப் பார்த்து வளர்ந்த சனத்துக்கு அது கதை மட்டுமல்ல, வழிபாடு. இளங்கோவடிகளின் கண்ணகி மாநாய்கன் என்ற வணிகனின் மகள். தெய்வமாவது பிறகுதான். அதனால் அரசவையில் தனியே நின்று வழக்குரைக்கும் இடத்துக்கு அங்கே எடை கூடுகிறது. தீயிடும்போதும் பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகளை விட்டுவிடச் சொல்கிறாள். கோபத்துக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார் இளங்கோ. (அந்த வரம்புக்குள் வராத அப்பாவிகள் என்ன ஆனார்கள் என்று கேட்பதும் நல்ல விமர்சனமே.) பிறப்பு, வழக்கு, தீ ஆகிய மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

எங்கள் சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு படம் போட்டுக் கதைக்கிறோம். "நல்ல படம், நல்ல செய்தி" என்பதோடு முடிந்துவிடுகிறது.
– புதுக்குடியிருப்பு

"படம் என்ன சொல்லுது?" என்று கேட்டால் பள்ளிக்கூட மறுமொழிதான் வரும். "எந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வந்தது? முடிவெடுத்தது யார், அதற்கு விலை கொடுத்தது யார்?" என்று கேளுங்கள். இரண்டும் வேறுவேறு ஆட்களாக இருந்தால் பேச்சு தானாகச் சூடுபிடிக்கும்.

இரண்டரை மணித்தியாலப் படம் போட்டால் முடிந்தவுடன் எல்லோரும் பஸ்சுக்கு ஓடுவார்கள். நூறு நிமிடத்துக்குள் முடிகிற படம் எடுங்கள், கதைக்க நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் வீட்டில் பார்த்துவரச் சொல்லி, மூன்று நான்கு நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் இரண்டுதரம் போடுங்கள். இரண்டாம் தரம் ஒலியை நிறுத்திவிடுங்கள். கமரா யாருடைய முகத்தில் நிற்கிறது, யாரை ஓரத்தில் தள்ளுகிறது என்பது அப்போது தெரியும். நம்மை அழவைத்தது காட்சியா, வயலினா என்பதும் தெரிந்துவிடும்.

அதிபரோ தலைவரோ முதலில் பேசக்கூடாது. அவர் சொன்னதையே மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். வயதில் குறைந்தவரிலிருந்து தொடங்குங்கள். பதினைந்து பேருக்கு மேல் வந்தால் இரண்டு வட்டமாகக் கதிரை போடுங்கள்.

போர்க் காட்சி உள்ள படமென்றால் செல் (எறிகணை) சத்தம், காயம், பிள்ளை தொலைவது என்று என்னென்ன வருகிறது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ஒலியைக் குறையுங்கள், ஒரு விளக்கு எரியட்டும், கதவு திறந்திருக்கட்டும். எழுந்து போகிறவரை ஏனென்று கேட்கவேண்டாம். "உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ" என்று யாரையும் தூண்டவும் கூடாது. கேள்வி படத்தைப் பற்றியே இருக்கட்டும்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் எங்கள் ஊர்ப் பெயர் வருகிறது. ஊரும் பேச்சும் எங்களுடையதாய் இல்லை. பொய்ப் படம் என்று எழுதலாமா?
– மாங்குளம்

எழுதலாம், ஆனால் பலவீனமான விமர்சனமாகிவிடும். பேச்சுவழக்கு, நிலக்காட்சி போன்ற தகவல் பிழைகளை ஒரு பந்தியில் முடித்துவிடுங்கள். பிறகு பார்வைக்கு வாருங்கள். இந்தியாவில் வளரும் தத்துப்பிள்ளை அமுதா தாயைத் தேடிவரும் கதை இது. மாங்குளம் அவள் வந்து சேர்கிற இடம். அப்படியானால் ஊரவர்களில் எத்தனை பேருக்குப் பெயர் உண்டு? எத்தனை பேர் தாமாக ஒரு முடிவெடுக்கிறார்கள்? எண்ணி எழுதுங்கள். பெற்ற பிள்ளையை விட்டுப்போகிற ஷியாமா முடிவெடுக்கிறவள்தான் என்பதையும் எதிர்ச்சான்றாகச் சேருங்கள். முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக்கொண்ட அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) நாவலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஊரை உள்ளிருந்து எழுதுவது எப்படியிருக்கும் என்று காட்டலாம்.

கதாநாயகன் சிகரெட் பற்றும்போது கீழே எச்சரிக்கை வாசகம் வருகிறது. அப்படியானால் படம் புகைத்தலை எதிர்க்கிறதுதானே?
– ஒட்டுசுட்டான்

இல்லை. இந்தியாவில் புகையிலைக் காட்சிகளுக்கு 2012 முதல் அது கட்டாயம். இயக்குநரின் கருத்தாக அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புகைத்ததால் அந்தப் பாத்திரம் கதையில் எதையாவது இழக்கிறதா, அல்லது புகை விடும்போது கமரா மெதுவாகி இசை ஏறுகிறதா என்பதைப் பாருங்கள்.