மனு கொடுக்கவா போனீர்கள்?

கேள்வி: எங்கள் வார்டில் பகுதி சபைக் கூட்டம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்துப் போனேன். எங்கள் அடுக்ககத்தின் சார்பில் மழைநீர் வடிகால், தெருநாய், சாலை என்று ஏழு கோரிக்கைகளை டைப் செய்து கொடுத்தேன். கவுன்சிலர் வாங்கி வைத்துக்கொண்டார், அதோடு சரி. நான்கு மாதமாகிறது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கால்வாயோரக் குடிசைக்காரர்கள். பட்டா, குழாய் என்று அவர்கள் கதையையே பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கண்துடைப்பை நிறுத்திவிட்டு, பதிவு பெற்ற குடியிருப்போர் நலச் சங்கங்களை மட்டும் அழைத்துப் பேசினால் என்ன? குறைந்தபட்சம் ஜூமில் நடத்தினால் படித்தவர்களும் கலந்துகொள்வார்களே?

– சென்னைப் புறநகரிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார் என்கிறீர்கள். வேறு என்ன நடக்கும்? மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்குத்தான் திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அங்கே கொடுத்திருந்தால் ரசீதாவது கிடைத்திருக்கும்.

பகுதி சபை என்பது வார்டின் ஒரு பகுதியிலுள்ள வாக்காளர்கள் கூடிப் பேசும் கூட்டம். அதற்குப் போனவர் செய்ய வேண்டியது வேறு. ஏழில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மைக்கை வாங்கி, ‘இன்ன தெருவின் வடிகாலை இந்த ஆண்டின் முதல் வேலையாக எடுக்க வேண்டும் என்று இந்தச் சபை தீர்மானிக்கிறது’ என்று சொல்லி, உட்கார்ந்திருப்பவர்களின் சம்மதத்தைக் கேட்டு, அதை மினிட் புத்தகத்தில் எழுத வைத்திருக்க வேண்டும். நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்தக் கால்வாயோரத்துக்காரர்கள் மொத்தமாகக் கை தூக்கியிருப்பார்கள். வடிகால் அடைத்தால் உங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்துமிடம் நனையும். அவர்களுக்கு அடுப்பு நனையும்.

தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. ஊர் நிலக் கணக்கைச் சரிபார்க்கும் ஜமாபந்தியில் அதிகாரி முன்னால் நின்ற காலத்திலிருந்து, எம்.எல்.ஏ.வின் கார் ஜன்னல் வழியே காகிதத்தைத் திணிக்கும் இந்தக் காலம் வரை நமக்குப் பழகிப்போன ஒரே வழி மனுதான். பெறுநர், அனுப்புநர், ‘ஐயா, வணக்கம்’ என்று ஆரம்பித்து ‘தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடிப்போம். கவுன்சிலர்களுக்கும் இது வசதி. மனு ஒருவர் கேட்பது, அதைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். தீர்மானம் சபையே கேட்பது. அது புத்தகத்தில் ஏறிவிட்டால், செய்யவில்லை என்றால் ஏன் என்ற கேள்வி அடுத்த கூட்டத்தில் தானாக வரும். ஆகவே கூட்டத்தை இன்னொரு மனு நாளாக மாற்றுவதில் கவுன்சிலருக்கு லாபம் இருக்கிறது. உங்களுக்கு என்ன லாபம் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

கண்துடைப்பு என்ற உங்கள் குற்றச்சாட்டைத் தள்ளிவிடவும் மாட்டேன். நகராட்சிகளுக்கான 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தது 2022இல். இடையில் 2011க்குப் பிறகு 2022 பிப்ரவரி வரை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். படம் நன்றாக வந்தது. ஆனால் பகுதியின் பிரதிநிதி யார் என்பதை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாநகராட்சி அல்லது நகராட்சி மன்றம் நியமிக்கிறது. நடைமுறையில் அது கவுன்சிலர் கை காட்டும் ஆள். சபைக்கென்று தனியாக ஒரு ரூபாய் கிடையாது. பணம் இல்லாத சபைக்குக் கூட்டம் சேராது. பக்கத்தில் கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டமிடலைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மக்களைக் கூப்பிட்டார்கள். நாம் பந்தலைப் போட்டுக் கூப்பிடுகிறோம், இலையை மட்டும் போடவில்லை.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் போகச் சொல்கிறேன்? கிராமத்துக்காரர்கள் இதைவிட மோசமான கூட்டங்களிலிருந்தும் காரியம் சாதித்திருக்கிறார்கள்.

கிராம சபை எப்படி நடக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரம், நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மற்றவர்களுக்கு ஜமக்காளம். கூட்டம் தொடங்குவதற்கு முன்பே வருகைப் பதிவேடு சுற்றி வந்துவிடும். 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர் வர வேண்டும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200. அதற்கு மேல் 300. இந்தக் கோரம் நிரம்பப் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் கைகொடுப்பார்கள். கையெழுத்து வாங்கியதும் செயலர், மாவட்டத்திலிருந்து வந்த பொருள் பட்டியலைப் படிக்க ஆரம்பிப்பார். டெங்கு, பிளாஸ்டிக் ஒழிப்பு, குடிநீர் சிக்கனம், ஒவ்வொன்றும் ‘ஒருமனதாக’. காபி வரும்போது பாதி பட்டியல் முடிந்திருக்கும்.

அப்படி ஒரு கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். நடுவயதுப் பெண் ஒருவர் எழுந்து, தங்கள் தெருவுக்குக் குழாய் போட்டும் தண்ணீர் வரவில்லை என்றார். “பாத்துக்கலாம்மா” என்றார் செயலர். அந்தம்மா உட்காரவில்லை. “எழுதிக்கோங்க சார்” என்றார். எழுதினார். “என்ன எழுதுனீங்கன்னு படிங்க.” படித்தார். அதில் தெருப் பெயர் இல்லை. ‘குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. “தெரு பேரைப் போடுங்க, எந்த டேங்க்லேர்ந்து வரணுமோ அதையும் போடுங்க” என்று சொல்லிவிட்டு, அது முடியும்வரை அப்படியே நின்றார். கையில் டைப் செய்த காகிதம் எதுவும் இல்லை. படிக்கத் தெரியுமா என்பதும் சந்தேகமே, பதிவேட்டில் கைநாட்டு வைத்ததைப் பார்த்தேன். படித்தவர்கள் வர வேண்டும் என்கிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

அந்தக் கூட்டங்களில் வரவு செலவும் வைக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கை எழுதும் படிவம் 30இன் சுருக்கத்தை பிளக்ஸில் அடித்து மக்கள் பார்க்கும்படி மாட்ட வேண்டும் என்பது ஊரக வளர்ச்சித் துறையின் அறிவுறுத்தல். எழுத்து பொடியாக இருக்கும், மாட்டிய இடம் வெயிலில் இருக்கும், ஆனால் இருக்கும். உங்கள் வார்டுக்குக் கடந்த ஆண்டு என்ன செலவானது என்ற ஒரு கேள்வி உங்கள் ஏழில் இல்லை. தெருநாய் இருக்கிறது.

தீர்மானம் போட்டால் எல்லாம் நடந்துவிடுமா என்றால், இல்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022இலிருந்து திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. திட்டம் நிற்கவில்லை, 2025இல் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலும் வந்துவிட்டது. மதுரை மேலூர்ப் பக்கம் கதை வேறு மாதிரி போனது. 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024 நவம்பர் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்துக்கு முடிவானது. அதே மாதம் 23ஆம் தேதி அரிட்டாபட்டியிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஜனவரியில் மக்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிராம சபைதான் சுரங்கத்தை விரட்டியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கூட்டம், நடை, தேர்தல் கணக்கு எல்லாம் சேர்ந்துதான் விரட்டின. ஆனால் ஊர் என்ன சொல்கிறது என்பது தேதியோடு, கையெழுத்தோடு காகிதத்தில் இருந்தது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் அது இன்னும் ஒரு படி மேலே போனது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பாக்சைட் சுரங்க விஷயத்தைக் கிராம சபைகளிடமே அனுப்பியது. மாவட்ட நீதிபதி நிலையிலான ஒருவர் பார்வையாளராக உட்கார, 12 குக்கிராமங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ‘வேண்டாம்’ என்றன. அங்கே வனவுரிமைச் சட்டம் துணைக்கு இருந்தது. உங்கள் வார்டில் அந்த அளவு பலம் இல்லை. சொல்ல வந்தது, ஏழு கோரிக்கையை வைத்துக்கொண்டு அவர்கள் போகவில்லை என்பதைத்தான்.

அடுத்து அந்தக் குடிசைக்காரர்கள். ‘அவர்கள் கதை’ என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டாவும் குழாயும் ஊர்ப் பிரச்சினை இல்லையாம், தெருநாய் ஊர்ப் பிரச்சினையாம். அரிட்டாபட்டி இருக்கும் அதே மேலூர் வட்டத்தில்தான் மேலவளவும் இருக்கிறது. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியில் தலைவராக வந்த குற்றத்துக்காக 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தனித்தொகுதி என்பதாலேயே 2006 வரை தேர்தலை ஒழுங்காக நடத்த முடியவில்லை. இன்ன ஆள் இந்தச் சபையில் உட்காரக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவும் நடந்தது. நீங்கள் அரிவாளைத் தூக்கவில்லை, பதிவு எண்ணைத் தூக்குகிறீர்கள். வித்தியாசம் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திசை ஒன்றாக இருக்கிறது.

பதிவு பெற்ற சங்கம் என்கிறீர்கள். உங்கள் சங்கத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு உண்டா? பெரும்பாலான அடுக்ககங்களில் பிளாட் உரிமையாளர்தான் உறுப்பினர். வாடகைக்காரர் பராமரிப்புக் கட்டணம் கொடுக்கலாம், லிப்ட் பழுதானால் ஏழு மாடி ஏறலாம், பொதுக்குழுவில் பேச முடியாது. பகுதி சபையில் அவருக்கு உங்களுக்குச் சமமான இடம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், பத்திரம் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுக் கால்வாயோரத்துக்குத் திரும்பும் அம்மாவுக்கும் அதே இடம்தான். சங்கங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. மழைக்காலத்தில் பல சங்கங்கள் செய்த வேலையை எந்த மன்றமும் செய்ததில்லை. ஆனால் சங்கம் தன் வளாகத்துக்கு நல்லது செய்யும் அமைப்பு, வார்டுக்குப் பேச அதற்கு யாரும் உரிமை கொடுக்கவில்லை.

இதைச் சொன்னால் உடனே யாராவது உத்திரமேரூரைக் கொண்டுவருவார்கள். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921, பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை, ஜனநாயகத்தின் தாய். சரி, அந்தக் கல்வெட்டையே பார்ப்போம். குடவோலையில் பெயர் இடம்பெற வேண்டுமானால் வரி கட்டும் கால்வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும் வேண்டும். அது பிராமணர் ஊரின் சபை. மற்ற யாருக்கும் அதில் ஓலை இல்லை. அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது: வாரியம் என்ற நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது, அவருடைய சொந்தக்காரர்களும் வர முடியாது. ஆயிரம் வருடம் கழித்து நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது சொந்த வீட்டு விதியை. கழற்றிவிட்டது கணக்கு விதியை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நீங்கள் போன கூட்டத்துக்குப் பிறகு நான்கு மாதமாகிவிட்டது என்றால், அடுத்தது எப்போது என்று உங்கள் மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ எழுதிக் கேளுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி: சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பின் நகல், வருகைப் பதிவேட்டின் நகல், எடுத்த நடவடிக்கை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். குறிப்பே எழுதவில்லை என்று பதில் வந்தால் இன்னும் நல்லது, அடுத்த கூட்டத்துக்கு முதல் பொருள் கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் ஒருநாள் மாலை கால்வாயோரம் போய்ப் பேசுங்கள். வடிகாலுக்கு அவர்கள் கை தூக்குவார்கள். குழாய்க்கு நீங்கள் தூக்க வேண்டியிருக்கும்.

ஜூம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு லிப்டில் இறங்கினால் வந்துவிடும் தரைத்தளத்தில்தானே நடக்கிறது? கோரம் சேராமல் அரை மணி நேரம் ஒத்திவைத்து, வந்தவர்களை வைத்து முடிக்காத வருடம் எது என்று செயலாளரிடம் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.