தட்டும் முன் சொல்லுங்கள்: தாளவாத்தியம் பழகுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

என் மகனுக்கு ஆறு வயது. சாப்பாட்டுத் தட்டு, மேசை என்று எதைக் கண்டாலும் தாளம் போடுகிறான். இப்போதே மிருதங்க வகுப்பில் சேர்க்கலாமா? பெரிய மிருதங்கமாக வாங்கிவிட்டால் பிறகு மாற்ற வேண்டாம்தானே?
– ஒரு தாய், திருநெல்வேலி

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு வாத்தியம் வேண்டாம். ஆதி தாளத்தைக் கையால் போட்டபடி (4 எண்ணிக்கை கொண்ட ஒரு லகு, தலா 2 எண்ணிக்கை கொண்ட இரண்டு துருதம், மொத்தம் 8 எண்ணிக்கை) 'தகதிமி தகஜணு' என்று வாய்விட்டுச் சொல்லட்டும். வாயில் தடுக்காமல் வரும் சொல்தான் பிறகு கையிலும் தடுக்காமல் வரும்.

பெரிய மிருதங்கம் வேண்டாம் அம்மா. கச்சேரி மிருதங்கம் 22 முதல் 24 அங்குல நீளம் இருக்கும். சின்னப் பிள்ளை அதன் முன் உட்கார்ந்தால் தோளைத் தூக்கி, முழங்கையை விரித்துத்தான் வாசிக்க முடியும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு களைவது பெரும்பாடு. 18 அங்குலம் அளவில் பாருங்கள். கடையிலேயே பையனை உட்கார வைத்து, தோள் தளர்ந்திருக்கும்போதே இரண்டு உள்ளங்கைகளும் இரு தலைகளின் நடுவை எட்டுகின்றனவா என்று சோதியுங்கள். கட்டையில் விரிசல் இல்லாவிட்டால் பழைய மிருதங்கமே போதும். தோலைப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார வைப்பதைவிட, காலையும் மாலையும் 10 நிமிடம் பழகுவது இந்த வயதுக்குப் பொருந்தும்.

மிருதங்கத்தின் இடந்தலையில் (இடப்பக்கத் தோலில்) ரவை ஒட்டுகிறேன். கால் மணி நேரத்தில் ஓரம் பெயர்ந்து தொப்பென்று விழுகிறது. 'தொம்' சத்தமும் அடைத்த மாதிரி வருகிறது.
– கல்லூரி மாணவர், திருச்சி

பெயர்வதற்குப் பெரும்பாலும் காரணம் தோல் காய்ந்திருப்பதுதான். முதலில் ஈரத்துணியால் தொப்பியின் (இடந்தலையின்) நடுவைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஊற விடுங்கள். ரவையில் தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்துப் பிசைந்து, 10 நிமிடம் மூடி வையுங்கள். நன்றாக ஊறாத ரவை தோலில் பிடிக்காது, மணல்போல உதிரும். ஊறியபின் மறுபடி பிசைந்தால் பிசுபிசுப்பு வரும். அதுதான் பதம்.

எலுமிச்சம்பழ அளவு உருண்டையை எடுத்து நடுவில் வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தித் தேயுங்கள். ஓரம் மெலிந்து தோலோடு தோலாகச் சேர வேண்டும். ஓரத்தில் தடிப்பு இருந்தால் அங்கிருந்துதான் பெயரத் தொடங்கும். கடைசியில் ஈர விரலால் மேற்பரப்பை ஒருமுறை வழித்துவிடுங்கள்.

சத்தம் அடைப்பது ரவை கூடிப்போனதால். வலந்தலை (வலப்பக்கத் தோல்) எந்தச் சுருதியில் நிற்கிறதோ, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இடந்தலை நிற்க வேண்டும். ரவை கூடக் கூடச் சுருதி இறங்கும். ஓர் அளவைத் தாண்டினால் நாதமே போய்விடும். எனவே குறைவாக ஒட்டித் தட்டிப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வாசிக்கும்போது காய்ந்து சுருதி ஏறினால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டுத் தடவினால் போதும்.

வாசித்து முடித்ததும் சுரண்டி எடுத்துத் துடைத்து வைப்பதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். ரவையோடு உறைக்குள் வைத்தால் கரப்பானும் எலியும் தோலையும் சேர்த்துக் கடித்துவிடும்.

நான்கு வருடமாகக் கற்கிறேன். வேகமாக வாசித்துவிடுகிறேன்; ஆனால் மூன்றாம் காலத்திலிருந்து முதல் காலத்துக்குத் திரும்பினால் ஓடிவிடுகிறேன் என்று ஆசிரியர் திட்டுகிறார். வேகத்தில் 'நம்' நாதமும் வருவதில்லை.
– ப்ளஸ் ஒன் மாணவி, கோவை

இரண்டும் வெவ்வேறு குறைகள்.

முதலில் காலப்பிரமாணம், அதாவது வேகத்தைச் சீராகக் காப்பது. மெட்ரோனோமை (சீராகத் தட்டு ஒலிக்கும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஆதி தாளத்தில் முதல் காலம் தட்டுக்கு ஓர் எழுத்து, ஆவர்த்தனத்துக்கு (ஒரு முழுத் தாளச் சுற்றுக்கு) 8. இரண்டாம் காலம் 16, மூன்றாம் காலம் 32. மூன்றாம் காலத்தில் கை ஓயாமல் ஓடுவதால் இடைவெளி என்ற ஒன்றே இல்லை. கை தானாகக் கணக்கைக் காக்கும். முதல் காலத்துக்கு வந்ததும் ஒவ்வோர் எழுத்துக்கும் இடையே ஒரு முழு வினாடி வெறுமையாக நிற்கிறது. அதை உள்ளுக்குள் நிரப்பத் தெரியாதவர்தான் ஓடுகிறார். கை 'த' என்று ஒருமுறை தட்டும்போது, மனத்துக்குள் 'தகதிமி' முழுவதும் ஓடட்டும். ஒரு வாரம் வாத்தியத்தைத் தொடாமல், தாளம் போட்டுச் சொல்லி மட்டும் காலம் மாற்றிப் பழகுங்கள். பிறகு மெட்ரோனோமை ஓர் ஆவர்த்தனம் ஒலிக்க வைத்து, அடுத்த ஆவர்த்தனம் சத்தத்தை நிறுத்திவிட்டு வாசியுங்கள். மறுபடி ஒலிக்கும்போது சமத்தில் (சுற்றின் முதல் தட்டில்) சேர்ந்தால் காலம் உங்களிடம் நின்றுவிட்டது. 5 நிமிடம் பிசகாமல் வந்தபின் 4 தட்டு மட்டும் கூட்டுங்கள்.

இனி 'நம்'. மோதிர விரல் நுனி கருப்பின் (வலந்தலை நடுவிலுள்ள கரிய பூச்சின்) விளிம்பில் மெல்ல அமர்ந்திருக்க, ஆள்காட்டி விரல் மீட்டில் (வலந்தலை ஓரத்தின் வளையத் தோலில்) விழுந்த கணமே எகிற வேண்டும். வேகத்தில் இரண்டு தவறு நடக்கும். மோதிர விரல் தூக்கிவிட்டால் நாதம் சிதறும்; அழுத்திவிட்டால் அடைபடும். ஆள்காட்டி விரல் தோலிலேயே தங்கினால் வெறும் 'டப்' மிஞ்சும். செல்போனில் பதிவு செய்து, பாதி வேகத்தில் போட்டுக் கேளுங்கள். எந்த எழுத்தில் நாதம் அணைகிறது என்று பளிச்சென்று தெரியும். அது அணையாத வேகம் எதுவோ, இன்றைக்கு அதுவே உங்கள் வேகம்.

என் மிருதங்கத்தின் கருப்பில் ஓரமாகக் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது. பசை வைத்து ஒட்டலாமா?
– வாசகர், மதுரை

பசை, மெழுகு எதுவும் வேண்டாம். சாதாரணத் தோல் பறையில் மேற்சுரங்கள் (அடிச்சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) ஒன்றோடொன்று இசையாமல் கலைந்து கேட்கும். நடுவில் கருப்பின் எடை ஏறுவதால்தான் மிருதங்கத்தில் அவை சுருதியோடு இசைகின்றன. இதை சி.வி. ராமன் 1920-இலேயே ஆராய்ந்து எழுதினார். சோற்றோடு கல்பொடியைப் பிசைந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, கல்லால் தேய்த்துக் காயவிட்டு, அதன்மேல் அடுத்த பூச்சு என்று ஏற்றிய கருப்பு அது. தேய்க்கத் தேய்க்க விழும் மயிரிழை வெடிப்புகளால்தான் தோலோடு சேர்ந்து அது அதிர்கிறது. பசை அந்த வெடிப்புகளை இறுக்கிவிடும். மிருதங்கம் செய்பவரிடமே கொண்டுபோய்ப் பழையதைச் சுரண்டிப் புதிதாகப் போட்டு வாங்குங்கள்.

சீக்கிரம் உதிர்வதற்கு வளர்ந்த நகம், வியர்வைக் கை, ரவைத் தண்ணீர் இந்தப் பக்கம் தெறிப்பது ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

மிருதங்கம் பழகும் என் இடக்கைப் பழக்கமுள்ள மகளை வலக்கைக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற வேண்டுமா?
– ஒரு தந்தை, சேலம்

வேண்டாம். மிருதங்க வித்வான் பழனி சுப்ரமணிய பிள்ளை (1908–1962) இடக்கைக்காரர். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் வாசித்த அதே காலத்தில் அவருக்கு இணையாகப் பேசப்பட்டவர். மகள் வலந்தலையை இடக்கையால் வாசிக்கட்டும். மேடையில் ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். வலந்தலை அவையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், அவள் வயலின்காரரோடு இடம் மாற்றிக்கொண்டு பாடகரின் மறுபக்கம் உட்கார வேண்டும். அமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிள்ளை வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வாசிப்பில் குறையில்லை, மிருதங்கத் தீர்மானத்தை (மும்முறை வாசித்து முடிக்கும் சொற்கட்டை) கணக்கோடு எழுதத்தான் தெரியவில்லை.
– யாழ்ப்பாணம்

கணக்கைக் கடைசியிலிருந்து போடச் சொல்லிக் கொடுங்கள். சதுஸ்ர நடை (எண்ணிக்கைக்கு 4 மாத்திரை) ஆதி தாளம், ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. 'ததிங்கிணதொம்' 5 மாத்திரை. மூன்று முறை வாசித்து, இடையில் 2 மாத்திரைக் கார்வை (இடைவெளி) இருமுறை வைத்தால் 5+2+5+2+5 = 19. 32-இல் 19 போக 13. அதாவது மூன்று எண்ணிக்கையும் (12) ஒரு மாத்திரையும் கழிந்தபின் தொடங்கினால், முடிந்த அடுத்த கணம் சமம். கார்வையை 1 ஆக்கினால் மொத்தம் 17, தொடங்கும் இடம் 15 கழித்து. கார்வையே இல்லாவிட்டால் 17 கழித்து. இந்த மூன்றையும் கட்டம் போட்ட தாளில், நான்கு கட்டத்துக்கு ஒரு கோடு வைத்து எழுதட்டும். பிறகு ரூபகம், மிஸ்ர சாபு ஆகிய மற்றத் தாளங்களுக்கும் தானே போட்டுப் பார்ப்பாள்.

ஐம்பது வயதுக்கு மேல் தொடங்குகிறேன். முழங்கால் வலியால் தரையில் உட்கார முடியவில்லை.
– வங்கி ஓய்வூதியர், தஞ்சாவூர்

தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, மிருதங்கத்தைத் தாங்கியில் வைத்து வாசிக்கலாம் ஐயா. முழங்கையும் தலைகளின் நடுவும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் தோள் வலிக்காது. வயதானவர்களுக்கு வேகம் மெதுவாகத்தான் வரும். கணக்கும் ரசனையும் சிறுவர்களைவிட விரைவில் பிடிபடும். மணிக்கட்டு எரிச்சலோ விரல் மரத்துப்போவதோ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். வாசித்தே சரியாக்கலாம் என்று முயலாதீர்கள்.

அடுக்குமாடியில் இரண்டாம் தளத்தில் இருக்கிறோம். மகன் எலெக்ட்ரானிக் டிரம்ஸில் ஹெட்போன் போட்டுத்தான் வாசிக்கிறான். ஆனாலும் கீழ்வீட்டார் புகார் சொல்கிறார்கள்.
– சென்னை, வேளச்சேரி

அவர்கள் சொல்வது சரிதான். காற்றில் வரும் சத்தத்தை ஹெட்போன் தடுக்கும். பேஸ் டிரம் பெடலின் குத்து தரை வழியே இறங்கும். இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவில் டென்னிஸ் பந்துகளைப் பரப்பி மேடை செய்யுங்கள். பந்து நகராமலிருக்கக் கீழ்ப்பலகையில் பந்தைவிடச் சற்றுச் சிறிய வட்ட ஓட்டைகள் போட வேண்டும். பெடலும் இருக்கையும் அந்த மேடைமேலேயே இருக்கட்டும், சுவரைத் தொடக் கூடாது.

தொடக்க மாதங்களுக்கு டிரம்ஸே தேவையில்லை. ஒரு ரப்பர் பிராக்டிஸ் பேட், 5ஏ அளவுக் குச்சி ஒரு ஜோடி (சின்னக் கைக்கு 7ஏ) போதும். 'வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது' என்ற பாரடிடில் பயிற்சியை இரு கையும் ஒரே சத்தத்தில் வாசிக்கும்வரை அதிலேயே இருக்கலாம்.

கஞ்சிரா (ஒரு கையால் பிடித்து மறு கையால் வாசிக்கும் சிறு பறை) கற்க ஆசை. உடும்புத் தோல் போட்டதுதான் நாதம் என்கிறார்களே?
– வாசகர், பெங்களூரு

உடும்பு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்படும் உயிர். அதன் தோலை வாங்குவதும் விற்பதும் குற்றம். ஆட்டுத் தோலிலோ செயற்கைத் தோலிலோ பழகுங்கள். ஆட்டுத் தோலில் உட்புறம் தண்ணீர் தெளித்துச் சுருதியை இறக்கி, இடக்கை விரலால் ஓரத்தை அழுத்திக் கும்கியை (ஆழ்ந்த வளைவொலியை) வளைக்கலாம். செயற்கைத் தோலுக்குத் தண்ணீர் வேண்டாம். அழுத்தம் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். மிருதங்கப் பாலபாடம் ஒரு வருடமாவது முடித்துவிட்டுக் கஞ்சிராவுக்கு வாருங்கள். ஒற்றைக் கையில் அத்தனை சொற்கட்டையும் கொண்டுவர அந்த அடித்தளம் தேவை.