கோளாறு பிரிண்டரிலா, விண்டோஸிலா?

ஏற்காடு நாகலூரில் காபித் தோட்ட அலுவலகம் ஒன்றைக் கவனித்துவரும் வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்களிடம் ஏழு ஆண்டுப் பழைய இங்க் டேங்க் பிரிண்டர் உள்ளது, ஸ்கேனரும் அதிலேயே சேர்ந்தது. அறுவடைக் காலத்தில் ரசீது, கூலிப் பட்டியல் என்று ஓயாமல் ஓடும். பிப்ரவரிக்குப் பிறகு மாதக்கணக்கில் சும்மா இருக்கும். விண்டோஸ் 7 கணினியை மாற்றி விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கியதிலிருந்து எழுத்துகளின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. தாள் இரண்டிரண்டாக இழுக்கிறது. அடிக்கடி ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. ஸ்கேனர் தெரிவதே இல்லை. சேலத்துக்கு எடுத்துச் சென்று காட்டினோம். ‘விண்டோஸ் 11-க்கு இது ஒத்துவராது, புதிது வாங்குங்கள்’ என்றார்கள். வேறு வழி உண்டா?”

உண்டு. உங்கள் பட்டியலில் வெள்ளைக் கோட்டுக்கும் தாள் இழுப்புக்கும் விண்டோஸோடு தொடர்பே இல்லை. மற்ற இரண்டுக்கும் பிரிண்டரின் உறுப்புகளோடு தொடர்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நான்கும் கணினி மாற்றிய சமயத்தில் சேர்ந்து வந்ததால் ஒரே நோயாகத் தோன்றுகின்றன, அவ்வளவுதான். இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு, பிரிண்டரையே தனியாக ‘நாசில் செக்’ தாளை, அதாவது மை பீய்ச்சும் நுண்துளைகளான நாசில்களைச் சோதிக்கும் தாளை, அச்சிடச் செய்யுங்கள். எந்தப் பட்டனை அழுத்தியபடி பவர் போட வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். கணினியே இல்லாமல் வரும் அந்தத் தாளில் குறை தெரிந்தால், பிரிண்டரைக் கணினி இயக்க உதவும் மென்பொருளான டிரைவரை எத்தனை மாற்றியும் பயனில்லை.

அந்தத் தாளை வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பாருங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் படிக்கட்டு போலச் சிறு கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோடும் ஒரு நாசில். இரண்டு மூன்று முறை அச்சிட்டு ஒப்பிட வேண்டும். விடுபட்ட கோடுகள் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருந்தால், அங்கே மை காய்ந்து அடைத்திருக்கிறது. இடைவெளி இடம் மாறிக்கொண்டே இருந்தால் அது அடைப்பு அன்று. குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது மை போதிய அளவில் வந்து சேராமல் இருக்கலாம். உங்கள் விஷயத்தில் இரண்டாவதற்கும் இடம் உண்டு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரிண்டர் இறங்கி ஏறியிருக்கிறது. பழைய டேங்க் மாடல்கள் சிலவற்றில், கொண்டுசெல்லும்போது மூடுவதற்கென்றே டேங்க் ஓரத்தில் ஒரு வால்வு உண்டு. கடையில் மூடியதைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்திருந்தால், முதல் சில வரிகள் நன்றாக வந்து பிறகு வெளிறிப்போகும். முதலில் அதைப் பாருங்கள்.

அடைப்புதான் என்று உறுதியானால் ‘ஹெட் கிளீனிங்’ கொடுக்கலாம்; நாசில்கள் இருக்கும் ஹெட்டைப் பிரிண்டரே மையை உறிஞ்சிச் சுத்தம் செய்யும். ஆனால் பத்துத் தடவை கொடுக்கக் கூடாது. ஒருமுறை கிளீனிங், உடனே நாசில் செக் என்று மூன்று சுற்றுக்கு மேல் போகாதீர்கள். முன்னேற்றம் இல்லையென்றால் பிரிண்டரை முறையாக அணைத்து, இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டு, காலையில் மீண்டும் ஒரு சுற்று பாருங்கள். காய்ந்த மை ஊறி இளக நேரம் வேண்டும். ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சப்படும் மை, அடியிலுள்ள வேஸ்ட் இங்க் பேடில், அதாவது கழிவு மையை உறிஞ்சும் பஞ்சில்தான் சேர்கிறது. பல மாடல்களில் அதற்கு ஒரு கணக்கு ஓடுகிறது. எல்லையைத் தொட்டதும் பிரிண்டர் வேலையை நிறுத்திவிடும். சாதாரண கிளீனிங்குக்கு மசியாததை, சில மாடல்களில் உள்ள, அதிக மையை உறிஞ்சும் ‘பவர் கிளீனிங்’ சரிசெய்வதுண்டு. அதற்கு முன் டேங்குகளில் மூன்றில் ஒரு பங்காவது மை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றை இழுத்துப் புதுத் தொல்லையைத் தேடிக்கொள்வீர்கள்.

இந்த அடைப்பு ஏன் வந்தது என்பதற்கு நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: மாதக்கணக்கில் சும்மா இருப்பது. நாசிலின் துளை தலைமுடியைவிடச் சன்னமானது. பவர் பட்டனில் அணைத்தால் ஹெட் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடிக்குள் அமர்ந்துகொள்ளும். சுவர் சுவிட்சை அணைத்தாலோ, அச்சிடும்போது கரண்ட் போனாலோ, நடுவழியில் திறந்தபடி நின்று காயும். மலையில் மழைக்காலத்தில் கரண்ட் போவது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரண்ட் வந்ததும் ஒருமுறை போட்டு, பட்டனிலேயே அணைத்துவிடுங்கள். சீசன் இல்லாத மாதங்களிலும் வாரம் ஒரு வண்ணத் தாள் அச்சிடுவது, பின்னால் பத்துக் கிளீனிங்குக்குச் செலவாகும் மையைவிட மலிவு.

தாள் இரண்டிரண்டாக வருவதற்குப் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வரும் அறையில், பிரித்த தாள்கட்டு இரவோடிரவாக ஈரம் இழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கட்டைப் பிளாஸ்டிக் உறையில் இறுக மூடி வையுங்கள். டிரேயில் இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள். போடும் முன் நன்றாக விசிறிவிடுங்கள். தாளை இழுக்கும் ரப்பர் ரோலரை, நூல் உதிராத துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் பெரும்பாலும் பிரச்சினை தீரும். எழுத்து இரட்டையாக விழுந்தாலோ, ஹெட் ஓரத்தில் போய் இடித்தாலோ, அதன் பாதையில் இருக்கும் ஒளி ஊடுருவும் மெல்லிய பட்டையில் மைக்கறை படிந்திருக்கலாம். அதையும் அவ்வாறே மெதுவாகத் துடைக்கலாம், இழுக்கக் கூடாது.

இனி விண்டோஸ். விண்டோஸ் 10 வரை, சிப் ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அளவைப் பொறுத்து, 32 பிட், 64 பிட் என இரண்டு வகையும் வந்தன. 2021 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் மென்பொருள் அதில் ஓடும். 32 பிட் டிரைவர் ஓடாது. பழைய கணினியில் இருந்த டிரைவர் எதற்கும் ஆகாமல் போனது இதனால் இருக்கலாம். ஆனால் உங்கள் பிரிண்டர் ஏழு ஆண்டுப் பழசுதான். அது விற்பனையில் இருந்த காலத்தில் விண்டோஸ் 10 நடப்பில் இருந்தது. எனவே அதற்கான 64 பிட் டிரைவர் தயாரிப்பாளரின் தளத்தில் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவர் பெரும்பாலும் 11-இலும் ஓடும். “ஒத்துவராது” என்று கடைக்காரர் முடிவுகட்டியதை நான் ஏற்காதது இதனால்தான்.

பெட்டியோடு வந்த சிடியை விடுங்கள். மாடல் எண்ணைப் பிரிண்டரின் மேலுள்ள ஸ்டிக்கரைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்து, முழுத் தொகுப்பைத் தரவிறக்குங்கள். செட்டிங்ஸில் பழைய பிரிண்டர் பதிவுகளை, ‘காப்பி 1’ என்று நிற்கும் இரட்டைகள் உட்பட, நீக்குங்கள். தொகுப்பை நிறுவத் தொடங்கி, அது கேட்கும்போது மட்டும் கேபிளைச் செருகுங்கள். முன்கூட்டியே செருகினால் விண்டோஸ் தன்னிடமுள்ள பொது டிரைவரைப் போட்டுவிடும். அந்தப் பொது டிரைவரில் அச்சு ஓரளவு வரும், ஸ்கேனர் வராது; உங்கள் ஸ்கேனர் காணாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கேபிளை எப்போதும் ஒரே யூஎஸ்பி துளையில் செருகுங்கள். துளை மாறினால் விண்டோஸ் அதை வேறு பிரிண்டராக எண்ணிப் பழையதை ஆஃப்லைன் ஆக்குவதுண்டு. இயல்பு (டிஃபால்ட்) பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அச்சு வரிசையில் ஒரு வேலை சிக்கி நகராவிட்டால், விண்டோஸின் சர்வீசஸ் பகுதியில், அச்சு வரிசையைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, மீண்டும் தொடங்கிப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் டிரைவர் ஏறவில்லையென்றால் இரண்டைச் சரிபாருங்கள். லேப்டாப்பின் சிப் ஸ்னாப்டிராகன் போன்ற ஏஆர்எம் வகையாக இருந்தால் சாதாரண 64 பிட் டிரைவர் அதில் ஏறாது. அதற்கென்று தனி டிரைவர் வேண்டும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து வந்துள்ள ‘புரொடெக்டட் பிரிண்ட்’ முறையை யாராவது இயக்கிவைத்திருந்தால், தயாரிப்பாளரின் டிரைவர்கள் எல்லாமே தடுக்கப்படும். விண்டோஸ் 10-க்குத் திரும்பிவிடலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, கூலி வங்கி வழியே போகும் கணினியில் அது வேண்டாம்.

ஹெட் மின்சார அளவில் செத்துப்போயிருந்தால் மட்டுமே புதிதைப் பற்றி யோசியுங்கள். அதற்கு அடையாளம், ஊற வைத்த பிறகும் ஒரு நிறம் முழுவதுமாக, ஒரு கோடுகூட இல்லாமல் இருப்பது. கேனன் ஜி வரிசையில் ஹெட்டைக் கழற்றி மாற்ற முடியும். எப்சனில் அது இயந்திரத்தோடு சேர்ந்தது, வேலை பெரிது. அப்படி வாங்கும் நிலை வந்தால், ரசீதும் பட்டியலும் மட்டுமே அச்சிட்டு, பாதி ஆண்டு சும்மா வைத்திருக்கும் உங்களுக்கு இன்னொரு இங்க்ஜெட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்பு வெள்ளை லேசர் வாங்குங்கள். டோனர் என்பது தூள், எத்தனை மாதம் கிடந்தாலும் காயாது. டிரைவர் தொல்லை மீண்டும் வராமலிருக்க, தயாரிப்பாளரின் தனி டிரைவர் இல்லாமலே அச்சிட வழிசெய்யும் மோப்ரியா சான்று பெற்ற மாடலா என்று கேட்டு வாங்குங்கள்.