பழைய கோயில் சுவரை சாண்ட் பிளாஸ்டிங் பண்ணா என்ன தப்பு?

கும்பாபிஷேகத்துக்கு சுவர் பளிச்சுனு இருக்கட்டுமேனுதான் நிறைய பேர் நினைக்கறாங்க. ஆனா மணலை வேகமா அடிச்சா அழுக்கோட கல்லு மேல்தோலும் சேர்ந்து போயிடும், கல்வெட்டு எழுத்தோட ஆழமே கொஞ்சூண்டுதான், அது மழுங்கினா மழுங்கினதுதான், அப்புறம் விரலால தடவிப் பார்த்தாகூட படிக்க முடியாது. கோயில் சுவர்தாங்க அந்தக் காலத்து ரெக்கார்டு ரூம். 1010-ல கட்டி முடிச்ச தஞ்சாவூர் பெரிய கோயில்ல ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளோட, அதாவது கோயில்ல ஆடின பெண்களோட பேரையும், யாருக்கு எந்த வீடுங்கறதையும், "தென்சிறகு தலைவீடு", அதாவது தெற்கு வரிசையில முதல் வீடுங்கற அளவுக்கு வெட்டி வச்சிருக்கான் (இப்ப நம்ம அட்ரஸ்கூட இவ்ளோ தெளிவா இருக்காது!). உத்திரமேரூர்ல குடவோலைத் தேர்தல் விதியே சுவர்லதான் இருக்கு. எண்ணெய்ப் பிசுக்குக்கு காகிதக்கூழ் அப்பி எடுக்கலாம், மத்ததுக்கு பெரும்பாலும் தண்ணியும் மெத்துனு ஒரு பிரஷ்ஷும் போதும், என்ன, நாள் நிறைய ஆகும்.