கள்ளி சொன்ன சாட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் உறுத்துகிறது. செட்டியின் கையில் மந்திரித்த வாள் இருக்கும்வரை, பழிவாங்க வரும் பேயான நீலியால் அவனை அண்ட முடியாது. அந்த வாளை ஊர்ப்பெரியவர்களே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அவ்வளவு மடையர்களா? எங்கள் பக்கத்துப் பெண்பேயான யட்சி சுண்ணாம்புதான் கேட்பாள். உங்கள் நீலி கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்குவது எதற்கு?

வாசகர்,
சித்தூர், பாலக்காடு

அன்புள்ள நண்பருக்கு,

வாள் விஷயம் என் கற்பனை இல்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது பழையனூர். கதைப்படி, அங்கே வேளாளர் எழுபது பேர் முன்னால் நடப்பது பேயோட்டல் அல்ல, குடும்ப வழக்கு. ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து 'இவர் என் புருஷன்' என்று அழுகிறாள். இறக்கிவிட்டதும் குழந்தை அவன் மடியில் போய் உட்காருகிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆயுதம் வைத்திருப்பவன் அவன்தான், ஆபத்து அவளுக்கு என்றுதான் சபை பார்க்கும். வாளை வாங்கிக்கொண்டு, 'உன் உயிருக்கு எங்கள் உயிர் பிணை' என்கிறார்கள். விடிந்தால் செட்டி பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக் கண்ணீர் என்ற வழக்கு இங்கிருந்து வந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைத் தொடும்போது பேயை விட்டுவிடுகிறார்; வணிகனுக்குக் கொடுத்த சொல்லைக் காத்ததுதான் அவருக்குப் பெரிது.

கள்ளிக்கு விடை தெற்கே இருக்கிறது. குமரி மாவட்டத்தில் இசக்கியம்மன் கோயில் கொடைவிழாவில் வில்லுப்பாட்டாகப் பாடும் நீலி கதையில் முற்பிறவியும் வரும். மடியில் தூங்கிய பெண்ணின் தலையை மணலில் இறக்கி வைத்து, கல்லைப் போட்டுக் கொல்கிறான் காதலன். பக்கத்தில் இருந்தது கள்ளி ஒன்றுதான். அதையே சாட்சியாக்கிவிட்டுச் சாகிறாள். மறுபிறவியில் அவள் நீலி, அவன் செட்டி; அந்தக் கள்ளிதான் குழந்தையாகி அவன் மடியில் ஏறுகிறது. மாயக்குழந்தை என்றாலும் சாட்சி முழுப்பொய்யா? நாவலில் இதை இன்னும் அழுத்தியிருக்கலாம்.

சுண்ணாம்பு கேட்பவள் ஏழிலைப்பாலை மரத்தடியில் நிற்கிற மலையாளக் கரை யட்சி. தனிவழியில் போகிற ஆணை நிறுத்திப் பேச்சுக் கொடுக்க அது ஒரு சாக்கு. ஊரைக் கூட்டி நியாயம் கேட்கிறவளுக்கு அது ஒட்டாது. இரும்புக்கு அடங்குவது மட்டும் இருவருக்கும் பொது. கேரளத்து மந்திரவாதப் பாதிரியார் கடமற்றத்துக் கத்தனாரின் கதையிலும் யட்சியை அடக்குவது தலையில் அறைந்த இரும்பாணி.

நீங்கள் கேட்காத ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். கொம்பை ஒடித்த கையோடு நீலி கண்ணைத் துடைப்பதாக எழுதியிருக்கிறேன். ஒடித்த இடத்தில் கள்ளிப்பால் உடனே வடியும். கண்ணில் பட்டால் எரிந்து வீங்கும், பார்வை மங்கும். பேய்க்கு ஒன்றும் ஆகாது, சரி. ஆனால் அதே பக்கத்தில் செட்டியும் அந்தக் குழந்தையைத் தூக்கிவிட்டு முகத்தைத் துடைக்கிறான். அடுத்த பதிப்பில் அவன் கண் சிவந்திருக்கும்.