ஏரி நிரம்பினால் திட்டம் வெற்றியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஏரியைக் குடிமராமத்தில் (பாசன விவசாயிகளின் பங்களிப்போடு நீர்நிலைகளைச் சீரமைக்கும் அரசுத் திட்டம்) தூர்வாரினார்கள். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் பணி என்று சொன்னார்கள். அந்த ஆண்டே ஏரி நிரம்பிவிட்டது. பலன் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? (சிவகங்கை மாவட்ட வாசகர்)

அதற்குள் முடிவுக்கு வர வேண்டாம். மழை கொட்டினால் தூர்வாராத ஏரியும்தான் நிரம்பும். மழை பொய்த்த ஆண்டில் ஏரி எப்படித் தாங்குகிறது என்பதுதான் பரீட்சை. அதனால் அதே மழை பெறும், ஏறக்குறைய அதே அளவுள்ள, தூர்வாராத பக்கத்து ஏரி ஒன்றையும் சேர்த்தே கவனியுங்கள். கலுங்கு (உபரி நீர் வெளியேறும் வழி) வழிந்த தேதி, மதகில் (பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழி) தண்ணீர் ஓடிய நாள்கள், கடைமடைக்கு (வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு) எத்தனை முறை தண்ணீர் எட்டியது ஆகியவற்றை இரண்டு ஏரிகளுக்கும் எழுதி வையுங்கள். இரண்டு ஆயக்கட்டிலும், அதாவது அந்தந்த ஏரியால் பாசனம் பெறும் நிலங்களிலும், ஐந்தாறு கிணறுகளின் நீர்மட்டத்தைத் தையிலும் சித்திரையிலும் கயிற்றில் கல் கட்டி அளந்து பாருங்கள். விடியற்காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். இறைத்து முடித்தவுடன் அளந்தால் கணக்கு தப்பாகிவிடும்.

தூர்வாருவதற்கு முந்தைய ஆண்டோடு ஒப்பிடும்போது உங்கள் கிணறுகளில் 8 அடி ஏறியிருக்கிறது, பக்கத்து ஊரில் 6 அடி ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 6 அடி மழையின் கொடை. தூர்வாரியதன் பலன் மிச்சமுள்ள 2 அடிதான். பெரும்பாலான அறிக்கைகள் 8 அடியையும் திட்டத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றன.

சொன்ன அளவுக்கு மண் வெளியே போனதா என்பதையும் சரிபார்க்கலாம். 4 ஹெக்டேரில் அரை மீட்டர் ஆழம் வெட்டியதாக அறிக்கை சொன்னால், அது 20,000 கன மீட்டர். சுமார் 7 லட்சம் கன அடி. வெட்டிய மண் உதிர்ந்து ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று வைத்தால் 8.4 லட்சம் கன அடி. மூன்று யூனிட் டிப்பரில் 300 கன அடி ஏறும் என்றால் 2,800 லோடு. வேலை பத்தே நாளில் முடிந்தது என்றால் நாளொன்றுக்கு 280 லோடு போயிருக்க வேண்டும். போனதா என்பதை ஊரே சொல்லிவிடும். மண்ணைக் கரையிலேயே கொட்டியிருந்தால் லோடு கணக்கு உதவாது, கரையின் உயரத்தையும் அகலத்தையும்தான் அளக்க வேண்டும்.

இன்னொன்று, எங்கே வெட்டினார்கள் என்று பாருங்கள். வண்டி இறங்க வசதியான இடத்தில் மட்டும் பள்ளம் பறித்து, மதகின் அடிமட்டத்துக்கும் கீழே போயிருந்தால், அங்கே நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு வராது. கிணற்றுக்கு ஊறும், மாடு குடிக்கும். பாசனக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. வரத்துக் கால்வாயைத் தொடாமல் ஏரியை மட்டும் ஆழப்படுத்தியிருந்தாலோ, குறைந்த மழையில் ஏரிக்குத் தண்ணீரே வந்து சேராது.

கேள்வி: எங்கள் கடலோரத்தில் ஆயிரக்கணக்கில் அலையாத்திக் கன்று நட்டார்கள். எண்ணிக்கையை நம்பலாமா? (நாகை மாவட்ட வாசகி)

நட்ட எண்ணிக்கை செலவுக் கணக்குக்குத்தான் உதவும். ஓராண்டிலும் மூன்றாண்டிலும் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று கேளுங்கள். வரைபடத்தில் கட்டம் போட்டு எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி, 10 மீட்டருக்கு 10 மீட்டர் துண்டுகளைத் தேர்ந்தெடுத்து எண்ண வேண்டும். அதிகாரிகள் கூட்டிப்போகும் பாதையோரத்தில் கன்று எப்போதும் நன்றாகவே இருக்கும். செத்த கன்றுகளுக்குப் பதிலாக மறுபடி நட்டவற்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அதைச் சேர்த்துவிட்டால் இறப்பு மறைந்துபோகும்.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நட்டதற்குக் காரணம் உண்டு. ஓதத்தண்ணீர், அதாவது கடல் ஏறும்போது வரும் தண்ணீர், உள்ளே வந்து திரும்பவும் வடிய வேண்டும். தேங்கி வற்றினால் உப்பு ஏறிக் கன்று கருகும். வாய்க்கால் தூர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். ஆடு மாடு மேய்வது அடுத்தது. பங்குனி ஆமை முட்டையிடும் மணலில் சவுக்கு நட்டிருந்தால், அத்தனை கன்றும் பிழைத்திருந்தாலும் அது கெடுதல்தான்.

கேள்வி: வெப்ப அலைத் திட்டத்தால் உயிர் காப்பாற்றப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வேலூர் வாசகர்)

‘வெயிலால் இறந்தவர்’ பட்டியலை மட்டும் நம்பக் கூடாது. வெயிலில் சுருண்டு விழுந்தவருக்குச் சான்றிதழில் மாரடைப்பு என்றே எழுதிவிடுவார்கள். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. 2009, 2011 மே மாதங்களோடு ஒப்பிட்டபோது, எல்லாக் காரணங்களையும் சேர்த்து 1,344 மரணங்கள் கூடுதலாக நேர்ந்தது தெரிந்தது. அதற்குப் பிறகுதான், 2013இல், அந்நகரின் வெப்பச் செயல்திட்டம் வந்தது. வேலூரிலும் மாவட்ட அளவில் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான தினசரி மரணப் பதிவுகளைத் திட்டத்துக்கு முன்னும் பின்னும் எடுத்து, ஒரே அளவு வெயிலடித்த நாள்களை ஒப்பிடலாம். இரவு வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடம்பு ஆறுவது இரவில்தான். ஒற்றை ஊராட்சியின் எண்ணிக்கை இதற்குப் போதாது.

கேள்வி: இந்த ஆவணங்களை எங்கே கேட்பது? (முதல் கேள்வி கேட்டவரே)

தகவல் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் கட்டணத்தோடு, நீர்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. மதிப்பீடு, எம் புக் எனப்படும் அளவுப் புத்தகம், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவு, இவற்றின் நகலைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘முழு விவரம்’ என்று பொதுவாகக் கேட்டால் ஒற்றைத்தாள் பதில்தான் வரும். பணி நடந்த இடத்தைப் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது. குடிமராமத்தில் ஆயக்கட்டுதாரர் தர வேண்டிய 10 சதவீதப் பங்கை உண்மையில் யார் கட்டினார்கள் என்பதையும் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் கட்டியிருந்தால், அடுத்த ஆண்டு மதகைப் பழுதுபார்க்க யார் வருவார்கள் என்பதை அடுத்த கிராமசபையிலேயே கேட்டுத் தீர்மானத்தில் எழுத வையுங்கள்.