விசிறி போட முடியாத வெக்கை

கேள்வி: எனக்கு 48 வயது. முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறேன். மாதவிலக்கு நின்று எட்டு மாதம் ஆகிறது. திடீரென முகமும் கழுத்தும் எரிந்து வியர்க்கிறது. பாளையங்கோட்டையில் வங்கி வேலையில் இருக்கும் என் நாத்தனார் இதற்கு மருத்துவரிடம் போகிறார். எங்கள் வீட்டில் ‘சூட்டு உடம்பு’ என்று விட்டுவிடுகிறார்கள். இருவர் உடம்பும் ஒன்றுதானே?
– ஒரு வாசகி

பதில்: சகோதரி, காரணம் ஒன்றுதான். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனின் சுரப்பு குறையும்போது, வெப்பத்தைச் சீராக்கும் மூளைப் பகுதி தடுமாறுகிறது. ஆனால் உங்கள் நாத்தனார் குளிரூட்டிய அறையில் சற்று ஓய்ந்திருக்கலாம். மடியில் சுளகோடு அமர்ந்திருக்கும் நீங்களோ, தூள் பறக்கும் என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, எழுந்தால் எண்ணிக்கையும் கூலியும் குறையுமே என்று அந்த வெக்கையைப் பொறுத்துக்கொள்கிறீர்கள். இந்த வேறுபாடு உடம்பினுடையதன்று, வருமானத்தினுடையது.

பண்பாட்டுக்கும் பங்குண்டு. ஜப்பானியப் பெண்கள் இவ்வெக்கையை வட அமெரிக்கப் பெண்களைவிடக் குறைவாகவே சொன்னதை மானிடவியலாளர் மார்கரெட் லாக் பதிவு செய்தார். நம் ஊரிலும், கோயில் கொடைக்கு முளைப்பாரி எடுக்க இனி நாள் எண்ண வேண்டாம் என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. அந்த நிம்மதி நியாயமானதே. ஆனால் அதையே காரணமாக்கி ஒருத்தியின் வேதனையைக் கேளாதிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொடர்ந்து 12 மாதங்கள் வராவிட்டால்தான் மாதவிடாய் முற்றிலும் நின்றதாகக் கொள்வார்கள். அதன் பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். இந்த வெக்கைக்காக மட்டும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாரேனும் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் காட்டலாம். நாத்தனாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.